சொறியும் நாய், ஈர மணல்: மட்டக்களப்பு வாவிக்கரையில் நாய்களின் திடீர் அரிப்பு

ஐப்பசிக் கடைசி. கல்லடியில் இரண்டு நாளாக விட்டுவிட்டு மழை. இரவு இரண்டு மணியிருக்கும், யாரோ கதவைத் தட்டுவதுபோல் சத்தம். எழும்பிப் போய்ப் பார்த்தால் விறாந்தையில் ஜிம்மி. பின்னங்காலைத் தூக்கி வாலடியைச் சொறியப் பார்க்கிறது, எட்டவில்லை. கால் சீமெந்துத் தரையில் டொக், டொக்கென்று விழுகிறது. பிறகு உடம்பை வளைத்துப் பல்லால் கடிக்கிறது.

விடிந்து பார்த்தபோது வால் தொடங்கும் இடத்தில் ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்கு மயிர் கொட்டிச் சிவந்திருந்தது. மத்தியானத்துக்குள் அது உள்ளங்கை அளவாகிவிட்டது. ஈரம், பிசுபிசுப்பு, கிட்டப் போக முடியாத நாற்றம். முந்தினநாள் பின்னேரம் அதே இடத்தைத் தடவிக் கொடுத்திருக்கிறேன். அப்போது அங்கே ஒன்றுமில்லை.

ஆலோசனைக்குப் பஞ்சமிருக்கவில்லை. அடுத்த வளவு அக்கா வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு, "மீன்தல குடுக்கிறத நிப்பாட்டுங்க தம்பி, அது கிரந்தி" என்றார். சைக்கிள் கடைத் தம்பி ஒரு போத்தலில் பழைய என்ஜின் ஒயில் தந்தான். பெரியப்பாவின் தீர்ப்பு: "கடலுக்க கொண்டுபோய் ரெண்டு முக்கு முக்கு மனே, எல்லாம் காயும்." மருந்துக்கடையில் மனிதருக்குப் பூசும் கிரீம் ஒன்று கிடைத்தது. நாலு பேர், நாலு மருந்து. எந்த இடத்தில் சொறிகிறது, எப்போதிருந்து, அது எங்கே படுக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

குழப்பம் சொல்லிலேயே தொடங்குகிறது என்று நினைக்கிறேன். தமிழில் சொறி என்றால் செயலும் அதுதான், நோயும் அதுதான். மீனவர் வாயில் அது வலையில் அகப்பட்டுக் கையைச் சுடும் கடற் பிராணி. தெருவில் அது வசவு: ஒருவனைச் சொறிநாய் என்று சொல்லிவிட்டால் அதற்குக் கீழே இறங்க இடமில்லை. இத்தனையும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டதால், சொறியும் நாய் எல்லாவற்றுக்கும் நோய் ஒன்றே, மருந்தும் ஒன்றே என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. மிருக வைத்தியம் அதே அரிப்பைப் பத்துப் பன்னிரண்டு நோய்களாகப் பிரித்துப் பார்க்கிறது. அவற்றில் சில ஒன்றுக்கொன்று நேரெதிர்: ஒன்றை ஆற்றும் மருந்து மற்றதைப் பெருக்கிவிடும்.

இந்தக் கரைக்கென்று சில சங்கதிகள் உண்டு. வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். பாலமீன்மடுவிலும் தெற்கே கல்லாற்றிலும் கடலோடு சேர்கிறது. கோடையில் மணல் திரண்டு வாய் அடைபடும். மாரி வெள்ளம் ஏறும்போது முகத்துவாரம் வெட்டிவிடுவார்கள். அதற்குள் தாழ்ந்த வளவுகளில் தண்ணீர் நின்றுவிடும். ஆண்டு மழையின் பெரும் பகுதி ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டித் தீர்க்கிறது. 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மனிதர் கட்டிலில் ஏறினார்கள், கோழி கூரையில் ஏறியது, நாய் நாட்கணக்கில் தண்ணீரில் நின்றது. மாரி முழுக்க அதன் மயிர் காய்வதே இல்லை. இதமான சூடு, காற்றில் ஈரப்பதம், காலடியில் மணல், அந்திக்கு நுளம்பு. நாயின் தோலுக்கு ஆகாதவை எல்லாம் ஒரே பருவத்தில் வந்து சேர்கின்றன.

அந்தத் தோலும் நம்முடையதைப்போல் அல்ல. மயிரை விலக்கிப் பார்த்தால் தெரியும், மெல்லியது. மேற்தோலில் கல அடுக்குகள் நம்முடையதில் பாதிகூட இல்லை. நம் தோல் சற்று அமிலத்தன்மை உடையது, நாயினுடையது ஏறக்குறைய நடுநிலை. நமக்குச் செய்த சவர்க்காரம் நாய்க்கு ஒத்துவராததற்கு இதுவே காரணம். வாசனைச் சவர்க்காரம் போட்டு நாள்தோறும் குளிப்பாட்டி அரிப்பை வரவழைத்துவிட்டு, அரிப்புக்கு மருந்து தேடுகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர்.

திடீரென்று என்ற சொல்லை முதலில் அளக்க வேண்டும். சில நிமிடத்தில் வந்ததா, ஓர் இரவிலா, ஒரு கிழமையிலா? காரணத்தில் பாதி இந்தக் கேள்வியிலேயே பிடிபடும்.

நிமிடங்களில் வருவது பெரும்பாலும் கடியும் கொட்டுமாகத்தான் இருக்கும். குளவி, தேனீ, முசுறு. நம் வளவுகளில் இன்னொன்று முருங்கை மரத்து மயிர்க்கொட்டி. மாரியில் அடிமரத்தில் கம்பளி விரித்ததுபோல் கூட்டமாக அப்பியிருக்கும். நாய் மூக்கை வைத்து முகரும். பிறகு முகத்தை மணலில் தேய்த்துத் தேய்த்து ஓடும். உதடும் கண்மடலும் வீங்கும், உடம்பில் மயிர் திட்டுத் திட்டாகக் கிளம்பி நிற்கும். அடியில் தோல் திட்டாகத் தடித்திருப்பதன் அடையாளம் அது. அந்த இடத்தைத் துணியால் தேய்க்கக் கூடாது, மயிர்முள் இன்னும் ஆழ இறங்கும். ஒட்டும் டேப்பை மெல்ல வைத்து இழுத்துவிட்டு நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவலாம். காஞ்சோண்டிப் பற்றைக்குள் ஓடி வந்த நாய்க்கும் இதே வைத்தியம்தான். முகம் வீங்கியதோடு நின்றால் பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கும். வாந்தி, வயிற்றோட்டம், முரசு வெளிறுதல், தள்ளாட்டம் இவற்றில் ஒன்று சேர்ந்துவிட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. நாய்க்கு ஒவ்வாமை அதிர்ச்சி வந்தால் மூச்சைவிட முதலில் ஈரலும் குடலுமே அடிபடும். வாந்தியைக் கண்டு "என்னத்தையோ திண்டிட்டு" என்று விட்டுவிடுகிறவர்கள் அங்கேதான் தவறுகிறார்கள். இன்னொன்று: ஒரு பக்கம் மட்டும் வீங்கி, இரண்டு புள்ளியில் இரத்தம் கசிந்தால் குளவியை மறந்துவிட்டுப் புடையனை நினையுங்கள்.

சில மணி நேரத்தில் வருவதில் தோல் சுடும் பொருட்களும் சேரும். சீமெந்துத் தரையைக் கழுவிய பினைல் காயுமுன் நாய் அதில் படுத்தால் வயிறும் இடுப்புக் குழியும் சிவக்கும். படுவான்கரையில் பெரும்போக வயலுக்குப் பூச்சிகொல்லி எண்ணெய் அடித்த அன்று வரம்பில் ஓடிவந்த நாயைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் கழுவாமல் விறாந்தையில் ஏற்றக் கூடாது. தோலில் படுவதோடு அது முடிவதில்லை, நக்கினால் வயிற்றுக்குள் போகும்.

ஜிம்மிக்கு வந்தது ஓரிரவில் வரும் வகை, ஈரப் புண். ஆங்கில வைத்தியத்தில் இதற்குச் சூட்டுப் புள்ளி என்று பொருள்படும் பெயர் உண்டு. ஆனால் உடம்புச் சூடு என்று நாம் சொல்வதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஏதோ ஒன்று அரிக்கிறது, நாய் அந்த இடத்தைக் கடிக்கிறது, நக்குகிறது. எச்சில் ஈரமும் மழை ஈரமும் சேர்ந்த தோலில், அங்கே எப்போதும் சும்மா குடியிருக்கும் ஸ்டஃபிலோகொக்கஸ் பற்றீரியா பெருகுகிறது. வலி கூட, நாய் இன்னும் கடிக்கிறது. இந்தச் சுழல் ஆறு மணி நேரத்தில் ஒரு குற்றியை உள்ளங்கை ஆக்கிவிடும். மயிர் அடர்ந்த சாதிகளுக்கு இது கூடுதலாக வரும். வாவிக் காற்றில் அல்சேஷனும் பொமரேனியனும் ஹஸ்கியும் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் மாரியில் அவற்றின் கழுத்து மயிருக்குள் கையை விட்டுப் பார்த்தால் ஆசை குறையும். இந்தக் காலநிலைக்கு ஊர் நாயின் குட்டை மயிர்தான் சரி என்பது என் கட்சி.

ஈரப் புண்ணுக்கு வீட்டில் செய்யக்கூடியது ஒன்றே: காற்றுப் படச் செய்வது. சுற்றியுள்ள மயிரைக் கத்தரித்து, கொதித்தாறிய அரை லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டுக் கழுவி, ஒற்றித் துடைத்து விடலாம். வைத்தியர் சொல்லும் அளவில் ஐதாக்கிய குளோரெக்சிடின் கிடைத்தால் இன்னும் நல்லது. எண்ணெய், களிம்பு, மஞ்சள் குழம்பு என்று மேலே மூடும் எதுவும் ஆகாது, ஈரம் உள்ளே நின்றுவிடும். பெரியப்பாவின் கடல் வைத்தியத்தில் உப்பு என்ற அளவுக்கு உண்மை இருக்கிறது. ஆனால் கடலோடு மணலும் வருகிறது, புண்ணில் மணல் அரத்தைப்போல் வேலை செய்யும். பட்டணத்து ஓரத்து வாவித் தண்ணீரோ கழிவும் கலந்தது. முதலில் நாயின் வாயை ஒரு துணிப் பட்டியால் கட்டிவிடுங்கள், எவ்வளவு சாதுவான நாயும் புண்ணைத் தொட்டால் கடிக்கும். பிறகு நக்காமல் தடுக்க வேண்டும். கூம்புக் கழுத்துப்பட்டி கடையில் கிடைக்காத அன்று ஒரு பழைய பிளாஸ்டிக் வாளியின் அடியை வெட்டிக் கழுத்தில் மாட்டினேன். தெருப் பிள்ளைகளுக்கு ஒரு கிழமை சிரிப்பு.

இதெல்லாம் புண்ணுக்கு. அரிப்பு எங்கிருந்து வந்தது?

நான் முதலில் கொண்டுபோன இடத்தில் ஓர் ஊசி போட்டார்கள். பொழுது படுமுன் சொறி நின்றது. மூன்றாம் நாள் புண் காய்ந்தது. அவர்களை வாழ்த்திக்கொண்டிருந்தேன். மூன்றாவது கிழமை இரவு மீண்டும் டொக், டொக். இரண்டாவது இடத்தில் இருந்தவர் ஊசியை எடுக்கவில்லை. மேசையில் ஒரு வெள்ளைத் தாளை விரித்தார். ஜிம்மியின் இடுப்பு மயிரை நெருக்கமான பற்கள் கொண்ட சீப்பால் பின்பக்கமாக வாரித் தாளில் தட்டினார். கறுப்புப் பொடி விழுந்தது, மிளகை நொறுக்கியதுபோல். "மண் தானே, டொக்டர்?" என்றேன். அவர் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு விரலால் தேய்த்தார். பொடி கரைந்து செங்கபில நிறம் தாளில் பரவியது. தெள்ளு குடித்துக் கழித்த இரத்தம்.

நாய்க்கு வரும் திடீர் அரிப்பில் உலகெங்கும் முதல் வரிசையில் நிற்பது இந்தத் தெள்ளுதான். அது கடிப்பதைவிட அதன் எச்சில்தான் வில்லங்கம். ஒவ்வாமை ஏறிய நாய்க்கு இரண்டு மூன்று கடியே போதும், நாட்கணக்கில் அரிக்கும். அதனால்தான் உடம்பு முழுக்கத் தேடியும் ஒரு தெள்ளுகூட அகப்படாமல் "என்ர நாயில தெள்ளு இல்ல" என்று சத்தியம் செய்கிறோம். இடம் காட்டிக்கொடுக்கும்: முதுகின் கடைசிப் பகுதி, வாலடி, பின்தொடை. அங்கே தொடங்கும் அரிப்பு வேறொன்று என்று நிரூபணமாகும்வரை தெள்ளு என்றே கொள்ள வேண்டும்.

கணக்கு இன்னும் மோசம். ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40, 50 முட்டை இடும். முட்டை மயிரில் ஒட்டாது, உதிர்ந்து நாய் படுக்கும் இடத்தில் விழும். ஒரு வீட்டிலுள்ள தெள்ளுக் குடும்பத்தில் நாயின் உடம்பில் இருப்பவை நூற்றுக்கு ஐந்துதான். மற்றத் தொண்ணூற்றைந்தும் முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் சாக்கில், தரை வெடிப்பில், படிக்கட்டின் கீழ் நிழல் மணலில் கிடக்கின்றன. புழுவுக்கு ஈரக் காற்று வேண்டும், வெயில் ஆகாது. நடுமுற்றத்துச் சுடுமணலில் அது செத்துவிடும். வண்டிக்குக் கீழும் திண்ணையோரமும் அதற்குத் தொட்டில். கூட்டுக்குள் போய்விட்டால் மருந்தும் எட்டாது. மாதக்கணக்கில் காத்திருந்து, ஏதாவது பிராணி நடக்கும் அதிர்வும் சூடும் பட்டதும் வெளியே பாயும். மூடிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் கால் முழுக்கக் கடி வாங்குவது இதனால்தான். மாரியில் முற்றம் நனைந்ததும் நாய் விறாந்தைச் சாக்குக்கு இடம் மாறுகிறது. அந்தச் சாக்கு கோடை முழுக்க அங்கேதான் கிடந்தது. ஜிம்மியின் கதையும் அதுவே.

ஆகவே நாய்க்கு மட்டும் மருந்து போடுவது ஓட்டைத் தோணியில் தண்ணீர் இறைப்பது. சாக்கைக் கொதிநீரில் போட்டு நல்ல வெயிலில் காய வைக்க வேண்டும். நிழல் மணலை மண்வெட்டியால் புரட்டி வெயில் படவிட வேண்டும். வீட்டுப் பூனை உட்பட எல்லாப் பிராணிக்கும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும். இதை மூன்று மாதமாவது விடாமல் செய்ய வேண்டும். ஒரு மாதத்தில் அரிப்பு நின்றதும் நாமும் நின்றுவிடுகிறோம், கூட்டுப்புழு நிற்பதில்லை.

வாலடியை விட்டுக் காது மடலின் ஓரம், முழங்கை, குதிக்கால், வயிறு என்று அரிப்புத் தொடங்கினால் கதை மாறுகிறது. மயிர் உதிர்ந்து சாம்பல் பொருக்குப் படிந்தால் அது சார்கொப்டிஸ் என்ற சிலந்தி இனப் பூச்சி தோலுக்குள் சுரங்கம் தோண்டுவது. வசவுச் சொல்லில் இருக்கும் உண்மையான சொறி இதுதான். காதோரத்தை விரலால் கசக்கினால் நாயின் பின்னங்கால் தன்பாட்டில் சொறியத் தொடங்கும், இந்த நோய் உள்ள பத்து நாய்களில் எட்டில் இது நடக்கிறது. தோலைச் சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்ப்பதைவிட இந்தச் சோதனை பல நேரம் உதவும், ஏனென்றால் சுரண்டலில் பூச்சி அகப்படுவது பாதி நாய்களில்கூட இல்லை. "பார்த்தோம், ஒன்றுமில்லை" என்ற முடிவை நம்பி மருந்தை நிறுத்தக் கூடாது. நாயைத் தூக்கி வைத்திருந்த பிள்ளையின் முன்கையிலும் வயிற்றிலும் சிறு பருக்கள் தோன்றி அரித்தால் அதுவும் ஒரு சாட்சியம். நாய்ச் சொறிப்பூச்சியால் மனிதத் தோலில் நிலைத்துப் பெருக முடியாது. நாய் தேறினால் பிள்ளையும் தேறும்.

டெமோடெக்ஸ் என்பது வேறு பூச்சி. தாயிடமிருந்து குட்டிக்கு வந்து, எல்லா நாயின் மயிர்க்காலிலும் சத்தமில்லாமல் குடியிருப்பது. எதிர்ப்புச் சக்தி குறைந்தால் பெருகி மயிரைக் கொட்டும். பற்றீரியா சேராதவரை பெரிதாக அரிக்காது, மற்ற நாய்க்குத் தொற்றாது. இங்கேதான் அந்த ஊசியின் ஆபத்து. நான் பார்த்தவரையில் நம் ஊரில் சொறியும் நாய்க்கு முதலில் கிடைப்பது ஸ்டெரொயிட். அரிப்பை அது சில மணி நேரத்தில் அடக்கும். காரணத்தைத் தொடாது. டெமோடெக்ஸும் படர்தாமரைப் பூஞ்சணமும் உள்ள நாய்க்கு அது எரிகிற நெருப்பில் எண்ணெய். மருந்துக்கடையில் எனக்குக் கிடைத்த கிரீமிலும் இருந்தது அதுவே, நாய் நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும். ஸ்டெரொயிட்டை விஷம் என்று தள்ளவும் நான் தயாரில்லை. ஈரப் புண்ணின் சுழலை அறுக்கச் சில நாள் மாத்திரை தேவைப்படலாம், ஒவ்வாமை அதிர்ச்சியில் ஊசியும் வேண்டும். என் குறை, காரணத்தைத் தேடாமல் ஊசியோடு அனுப்பிவிடுவதில்தான்.

உண்ணியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, எல்லாருக்கும் தெரியும். கபில நிற நாய் உண்ணி சுவர் வெடிப்பில் ஏறி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அரிப்பைவிட அது ஏற்றும் காய்ச்சல்தான் கொல்வது. உண்ணி பிடித்த நாய் சாப்பாட்டை வெறுத்தால், மூக்கில் இரத்தம் வந்தால், தோல் வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

கால்விரல் இடுக்கை நக்கிக்கொண்டேயிருக்கும் நாயைக் கல்லடி, களுவாஞ்சிகுடிக் கடற்கரை வீடுகளில் அடிக்கடி காணலாம். சேற்று ஈரமாக இருக்கலாம், மலசீசியா என்ற நொதிப் பூஞ்சணமாக இருக்கலாம். பழைய வெண்ணெய்போல் அடிக்கும் வாடை அதைக் காட்டிக்கொடுக்கும். மணலிலிருந்து கொழுக்கிப் புழுவின் குடம்பி பாதத்தைத் துளைத்து ஏறுவதாகவும் இருக்கலாம். இந்தப் புழு வகைகளில் ஒன்றின் பெயரிலேயே நம் தீவு இருக்கிறது: 1911இல் லூஸ் என்ற விஞ்ஞானி இலங்கைப் புனுகுப் பூனையிலிருந்து கண்டெடுத்து விவரித்த அன்சைலொஸ்டோமா செய்லானிக்கம். நாய், பூனை, மனிதர் மூவரின் குடலிலும் அது வாழும். நாய்க்குப் பூச்சி மருந்து கொடுப்பது வெறுங்காலில் மணலில் விளையாடும் பிள்ளைக்கும் கொடுத்த மாதிரி.

நுளம்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தோலுக்கடியில் நூல்போல் வாழும் டைரொஃபிலேரியா ரெபென்ஸ் என்ற புழுவை அது நாய்க்கு நாய் காவுகிறது. கட்டியாகவோ அரிப்பாகவோ வெளிப்படும், சில நாய்களில் ஒன்றுமே தெரியாது. மனிதரின் கண்மடலிலும் தோலிலும் இந்தப் புழு அகப்பட்ட நாடுகளின் வரிசையில் இலங்கை முன்னணியில் நிற்கிறது. யானைக்கால் நோயை ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாமற் செய்துவிட்டதாக 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று கொடுத்தது. ஆனால் யானைக்காலோடு தொடர்புடைய புரூஜியா வகைப் புழுக்கள் இங்குள்ள நாய், பூனைகளின் இரத்தத்தில் பின்னர் கண்டறியப்பட்டிருக்கின்றன. நாயின் தோலை நாய்க்காரனின் சொந்தப் பிரச்சினை என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இனி, அக்கா சொன்ன கிரந்தி. நண்டு, இறால், கத்தரிக்காய், கருவாடு என்று நமக்கு நாமே விலக்கும் பட்டியலை நாய்க்கும் நீட்டுகிறோம். உணவு ஒவ்வாமை நாய்க்கு உண்டு. 2016இல் வெளியான ஒரு தொகுப்பு ஆய்வு, உணவு ஒவ்வாமை உறுதியான 297 நாய்களின் கணக்கைப் பார்த்தது: மாட்டிறைச்சி 34 சதவீதம், பாற்பொருள் 17, கோழி 15, கோதுமை 13. மீன் பட்டியலின் அடியில்தான் வருகிறது. இதைக் காட்டி அக்காவை மடக்கிவிடலாம் என்று பார்த்தேன், பிறகு யோசித்தால் முடியாது. நாய் எதை நித்தம் தின்னுகிறதோ அதற்குத்தான் ஒவ்வாமை வளர்கிறது. அந்தப் பட்டியல் பெரும்பாலும் மேல்நாட்டு நாய்ச் சட்டியின் பட்டியல். சோறும் மீன்தலையும் தின்று வளர்ந்த வாவிக்கரை நாயை அங்கே எண்ணியிருக்க மாட்டார்கள். ஆனால் ஒன்று நிச்சயம்: உணவு ஒவ்வாமை ஓரிரவில் வாலடியில் வெடிப்பதில்லை. அது ஆண்டு முழுக்க, பருவம் பாராமல், காதிலும் பாதத்திலும் முகத்திலும் நமைந்துகொண்டிருக்கும். அதை அறிய ஒரே வழி, நாய் இதுவரை தின்னாத ஒரு புரதத்தை மட்டும் எட்டுக் கிழமை கொடுத்து, பின் பழைய சாப்பாட்டைத் திரும்பக் கொடுத்துப் பார்ப்பது. ஒரு நாள் மீன்தலையை நிறுத்தி அடுத்த நாள் முடிவு சொல்ல முடியாது. தூசி, மகரந்தம் போன்றவற்றால் வரும் பிறவி ஒவ்வாமையும் இப்படித்தான், ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடையில் மெல்லத் தலைகாட்டும். ஒட்டுண்ணிகளை ஒழுங்காக ஒழித்துக் காட்டாமல் ஒவ்வாமை என்ற பெரிய சொல்லை எடுப்பது நம் ஊரில் வீண் செலவு.

மருந்துகளைப் பற்றி. நாட்டு வைத்தியத்தை ஒரேயடியாகத் தள்ள முடியாது. தேங்காய் எண்ணெயில் கந்தகம் குழைத்துப் பூசுவது சொறிக்கு நம் பரியாரிமார் சொன்னது. சுண்ணாம்புக் கந்தகக் கரைசலை இன்றும் உலகின் தோல் வைத்தியர்கள் சார்கொப்டிஸுக்கும் படர்தாமரைக்கும் பயன்படுத்துகிறார்கள். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசி மனிதச் சொறியில் 814 பேரிடம் பார்த்ததில் 97 சதவீதம் குணமானதாக 1992இல் இந்தியாவிலிருந்து ஒரு முன்னோட்ட ஆய்வு வெளியானது. நாயில் அதே பலன் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது, ஆனாலும் கெடுதல் குறைவு. என்ஜின் ஒயில், மண்ணெண்ணெய், ஐதாக்காத டெட்டால் ஆகியவை வேறு கதை. தோலைச் சுடும், நக்கும்போது ஈரலுக்கும் நுரையீரலுக்கும் போகும். சைக்கிள் கடைத் தம்பியின் போத்தல் இன்னும் என் கொட்டிலில் மூடியோடு இருக்கிறது.

மாட்டுப்பட்டி உள்ள ஊர் இது. அதனால் ஐவர்மெக்டின் ஊசி மருந்து எந்தப் பட்டிக்காரரிடமும் ஒரு போத்தல் இருக்கும். யப்பானிய மண்ணில் கண்ட நுண்ணுயிரிலிருந்து பிறந்து, 2015இல் ஓமுராவுக்கும் காம்பெலுக்கும் நோபல் பரிசு வாங்கிக் கொடுத்த மருந்து. சொறிப்பூச்சியை நன்றாகக் கொல்லும். சிக்கல் அளவில். மாட்டுக்கான ஒரு சதவீத மருந்தில் ஒரு மில்லிலீற்றர் 50 கிலோ உடம்புக்கு. பத்துக் கிலோ நாய்க்கு அது 0.2 மில்லிலீற்றர். ஊசியின் சிறு கோட்டைத் தவறவிட்டு 2 என்று ஏற்றினால் பத்து மடங்கு. கோலி சாதிக்கும் அதன் இரத்தம் கலந்தவற்றுக்கும், சில அல்சேஷனுக்கும், மரபில் உள்ள ஒரு குறையால் மருந்து மூளைக்குள் புகுந்துவிடும். வைத்தியர் கையில் தவிர இதை யாரும் ஏற்றக் கூடாது.

கடந்த பத்துப் பன்னிரண்டு வருடத்தில் வந்த பிராவெக்டோ, நெக்ஸ்கார்ட், சிம்பாரிகா வகை மாத்திரைகள் தெள்ளு, உண்ணி, சொறிப்பூச்சி, டெமோடெக்ஸ் நான்கையும் ஒரே அடியில் பிடிக்கின்றன. என் மதிப்பில் நாய்த் தோல் வைத்தியத்தில் எங்கள் காலத்தின் பெரிய மாற்றம் இதுதான். வலிப்பு வரும் நாய்க்குக் கவனம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2018இல் எச்சரித்ததையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். விலை கூட. 2022 பொருளாதார நெருக்கடியில் மனிதர் மருந்துக்கே அலைந்த நாட்களில் இவற்றைக் கனவில்தான் கண்டோம். பெர்மெத்ரின் உள்ள நாய் மருந்தைப் பூனை மேல் ஊற்றினால் பூனை வலிப்பில் சாகும். நாயும் பூனையும் ஒரே சாக்கில் படுக்கும் வீட்டில் இதைக் குசினிச் சுவரிலேயே எழுதி வைக்கலாம்.

மாவட்டத்தில் 14 பிரதேச செயலகப் பிரிவுகள். அரசாங்க மிருக வைத்தியர்களின் முதல் வேலை பால்மாடும் ஆடும் தடுப்பூசியும். நாட்டில் மிருக வைத்தியம் படிப்பிக்கும் பீடமும் பேராதனையில் ஒன்றே ஒன்று. வரிசையில் சொறிநாய்க்குக் கிடைப்பது சில நிமிடம், அந்தச் சில நிமிடத்தில் ஊசிதான் சுகமான வழி. நாயைக் கொண்டுபோகிறவர் ஒரு துண்டில் நாலு விசயம் எழுதிக்கொண்டு போனால் நிலைமை மாறும்: எந்த இடத்தில் தொடங்கியது, எந்த நாளில், வீட்டில் வேறு யாருக்கு அரிக்கிறது, கடைசியாக என்ன பூசினோம். வெள்ளைத் தாளில் சீப்பு வாரிய பொடியை மடித்து எடுத்துப் போனால் இன்னும் நல்லது. ஆட்டோவில் ஏற்றுமுன் புண்ணைக் கழுவிவிட வேண்டாம், மருந்து பூசவும் வேண்டாம், வைத்தியர் அதை அப்படியே பார்க்கட்டும்.

விசர் நாய்த் தடுப்பூசிப் புத்தகத்தையும் எடுத்துப் போங்கள். கடிபட்ட இடத்தில் தாங்க முடியாத அரிப்பு, தன் உடம்பைத் தானே குதறுவது, குணம் மாறுவது ஆகியவை விசர் நோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். 1973இல் இலங்கையில் 377 பேர் அந்த நோயில் இறந்தார்கள். இன்று ஆண்டுக்குச் சில பத்துப் பேராகக் குறைந்திருக்கிறது, நாய்களுக்குத் தவறாமல் ஊசி போட்டதால்.

ஜிம்மியின் வாலடியில் மயிர் முழுதாக முளைக்க ஏழு கிழமை ஆனது. மீன்தலை நிறுத்தவில்லை. சாக்கு பழைய சாக்குத்தான், ஞாயிற்றுக்கிழமை காலையில் கொதிநீரில் போட்டு வேலியில் விரிக்கிறேன்.